பல்லுக்குக் கேப் போட்ட கதை

(எபிசோட்டின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் எபிசோட் ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ஒரு பொரிவிளங்காய் உருண்டை.

கோயில் கொடைக்கு சுரண்டைக்குப் போயிருந்தேன். பெரியம்மா பொரிவிளங்காய் செஞ்சு வச்சிருந்தாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: வறுத்து அரைச்ச அரிசியும் பாசிப்பயறும் வெல்லப்பாகுல சேர்த்துப் பிடிக்கிற உருண்டை. ரெண்டு நாள் கழிச்சுத் தரையில போட்டா தரைதான் உடையும். "உடைச்சுத் தின்னுல"ன்னு பெரியம்மா சொல்லிட்டே இருந்தாங்க. நான் நேரா கடவாய்ப் பல்லுல வச்சுக் கடிச்சேன். சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேட்டிருக்கும். கையில துப்பிப் பார்த்தா உருண்டை முழுசா இருக்கு, என் பல்லு பாதி வெளியில கிடக்கு.

தப்பு உருண்டை மேல இல்ல. அந்தப் பல்லுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சென்னையில ரூட் கெனால் முடிச்சு, "ஒரு மாசத்துல வந்து கேப் போட்டுக்கோங்க"ன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. வலி நின்னுருச்சு, ரிலீஸ் வேலை வந்துருச்சு, நான் போகல. சாஃப்ட்வேர்ல இருக்கவங்களுக்கு இது பழகின கதை. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஒரு டிக்கெட்டை பேக்லாக்ல போடுவோம். அது ஒருநாள் புரொடக்‌ஷன்ல வெடிக்கும்.

மறுநாள் காலையில சுரண்டையிலயே ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தாங்க. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துட்டு, "விரிசல் ஈறுக்குக் கீழ இறங்கல. பல்லைக் காப்பாத்திடலாம். கேப் மெட்டலா, செராமிக்கா, ஜிர்கோனியாவா?"ன்னு கேட்டுட்டு மூணுக்கும் விலை சொன்னாங்க. அம்மா என் காதுகிட்ட வந்து, "ஏல, ஒரு பல்லுக்கா இம்புட்டு ரூவா? பிடுங்கிப் போட்டுட்டு வா"ன்னாங்க.

அம்மா சொன்னது கஞ்சத்தனம் இல்லைன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு வழக்கம் அது. எங்க ஆச்சிக்கு அம்பது வயசுக்குள்ள ஒரு பல்லுகூட மிஞ்சல. வெத்தலையை இடிச்சுத்தான் போடுவா. அம்மாவுக்கு மூணு கடவாய்ப் பல் இல்ல. எங்க குடும்பத்துல பல்லுக்குக் கேப் போடப் போற முதல் ஆள் நான்தான். மூணு தலைமுறைக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு தேடப் போனதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, கேப்னா என்ன? ரூட் கெனால் பண்ணும்போது பல்லோட நடுவுல இருக்கிற நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற சதையை எடுத்துருவாங்க. உள்ள போறதுக்கு மேல ஓட்டை போடணும். சொத்தை வேற ஏற்கெனவே ஒரு பக்கத்தைத் தின்னிருக்கும். மிச்சம் நிக்கிறது நாலு சுவர், கூரை கிடையாது. கடவாய்ப் பல்லு மேல விழுற பாரம் அந்தச் சுவர்களை வெளிப்பக்கமாப் பிளக்கப் பார்க்கும்.

மாட்டுவண்டிச் சக்கரம் செய்றதைப் பார்த்திருக்கீங்களா? மரத்துண்டுகளை வட்டமா சேர்த்துட்டு, சுத்தி இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவாங்க. சூட்டுல விரிஞ்ச பட்டை, தண்ணி ஊத்தினதும் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் வண்டி எந்தக் கல்லு மேல ஏறினாலும் மரம் பிளக்காது. கேப்போட வேலையும் அதேதான். அது பல்லை மூடுறதைவிட முக்கியமா, சுத்திப் பிடிக்குது. அயோவா பல்கலைக்கழகப் பல் கல்லூரி நோயாளிகளோட பழைய பதிவுகளை வச்சு 2002-ல வந்த ஒரு ஆய்வு, ரூட் கெனால் பண்ணிட்டு கேப் போடாம விட்ட பற்கள், போட்டதைவிட சுமார் 6 மடங்கு வேகத்துல பறிபோச்சுன்னு காட்டுது. எனக்கு இதைப் பொரிவிளங்காய் காட்டிருச்சு. அயோவாங்கிற பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, அது திரும்ப வரும்.

சரி, கெட்டுப்போன பல்லைப் பிடுங்காம வேலை செய்யலாம்ங்கிற யோசனை எப்ப வந்தது? நமக்குத் தெரிஞ்ச ரொம்பப் பழைய சாட்சிகள்ல ஒண்ணு நம்ம துணைக்கண்டத்துலயே இருக்கு. இன்னைக்குப் பாகிஸ்தான்ல பலுசிஸ்தான்ல இருக்கிற மெஹர்கர். அங்க தோண்டி எடுத்த எலும்புகள்ல 9 பேரோட 11 கடவாய்ப் பற்கள்ல துளை போட்டிருக்காங்க. 7,500-ல இருந்து 9,000 வருஷம் பழசு. 2006-ல 'நேச்சர்' இதழ்ல அந்தக் கட்டுரை வந்துச்சு. துளையோட விளிம்பு தேய்ஞ்சிருக்கு. அப்படின்னா துளை போட்ட பிறகும் அந்த ஆள் உயிரோட இருந்து, அதே பல்லால மென்னு சாப்பிட்டிருக்கார். எதால துளை போட்டாங்க? அந்த ஊர்ல கல்மணி கோக்கிறவங்க இருந்தாங்க. மணியில ஓட்டை போட வச்சிருந்த சிக்கிமுக்கிக் கல் துரப்பணம் பல்லுக்கும் வந்துருச்சு. சுமார் 1,500 வருஷம் நடந்த பழக்கம், அப்புறம் அங்கயே காணாமப் போயிருச்சு.

பல் வைத்தியத்தோட வரலாறு முழுக்க இப்படித்தான் இருக்கு. கருவியை எப்பவும் அடுத்த தொழில்கிட்ட இருந்து கடன் வாங்கும். 1871-ல அமெரிக்காவுல மாரிசன்னு ஒரு பல் டாக்டர் காலால மிதிச்சு ஓட்டுற துரப்பணத்துக்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை எங்க இருந்து வந்தது? தையல் மெஷின்ல இருந்து.

நம்ம ஊர்ப் பக்கம் வந்தா, கடன் கொடுக்கத் தொழில்கள் எக்கச்சக்கம், வாங்கத்தான் ஆள் இல்ல. இங்க சொத்தைப் பல்லுக்குப் பேரே 'பூச்சிப் பல்'. கண்டங்கத்திரி விதையைத் தணல்ல போட்டு வாயில புகை பிடிச்சா பூச்சி விழும்னு ஆச்சி சொல்லுவா. பல்லைத் தின்னுறது புழுங்கிற நம்பிக்கை நமக்கு மட்டும் இல்ல, பாபிலோன்ல இருந்து ஐரோப்பா வரைக்கும் இருந்திருக்கு. 1728-ல பியர் ஃபோஷார்ங்கிற பிரெஞ்சுக்காரர், தேடிப் பார்த்துட்டேன், எந்தப் புழுவும் இல்லைன்னு எழுதினார். சர்க்கரையை வாயிலிருக்கிற கிருமிகள் அமிலமா மாத்துறதுதான் காரணம்னு மில்லர் 1890-ல எழுதின புத்தகத்துல தெளிவா வந்தது. ஆச்சி சொன்னது முழுத் தப்பும் இல்ல. பூச்சி உண்டு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி.

பூச்சிக்குப் புகை. கேக்கலைன்னா சந்தையில உக்காந்து பல் பிடுங்குறவர். இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவது வழி ஆச்சிக்குக் கிடையாது.

கேப்புக்கு வருவோம். நான் மதுரையில என் கேப் தயாரான லேபுக்கே போய்ப் பார்த்தேன். சுரண்டை டாக்டர் பல்லைச் சுத்தி இழைச்சு, அச்சு எடுத்து, கூரியர்ல அங்கதான் அனுப்பியிருந்தாங்க. நீங்க போடுற கேப்பை டாக்டர் செய்றதில்ல. டெண்டல் டெக்னீஷியன்னு ஒருத்தர், உங்க முகத்தைப் பார்க்காமலேயே, உங்க ஒரு பல்லை மட்டும் மணிக்கணக்கா பார்த்துச் செய்றார்.

லேபோட ஒரு மூலையில மெட்டல் கேப் வேலை நடந்துட்டிருந்தது. டெக்னீஷியன் அண்ணன் ஒருத்தர் பச்சை மெழுகை ஸ்பிரிட் விளக்குல உருக்கி, பிளாஸ்டர் பல்லு மேல சொட்டுச் சொட்டா வச்சு, கூரான கரண்டியால மேடு பள்ளம் செதுக்கினார். அப்புறம் அந்த மெழுகுப் பல்லுல ஒரு குச்சி மாதிரி மெழுகை ஒட்டி, அதைக் குழைச்ச மாவு மாதிரி ஒண்ணுக்குள்ள முழுக்கினார். மாவு இறுகினதும் உலையில வச்சா மெழுகு உருகி எரிஞ்சு போயிரும். உள்ள பல்லோட வடிவத்துல ஒரு வெற்றிடம். அந்த இடத்துல உருக்கின உலோகம் போய் நிக்கும். அச்சை உடைச்சா கேப்.

நான் உடனே, "அண்ணே, இது சுவாமிமலைல்லா"ன்னேன். அவர் சிரிச்சுட்டு, "அதேதான் தம்பி, நாங்க சின்னதா பண்றோம்"ன்னார்.

கும்பகோணம் பக்கத்துல சுவாமிமலையில ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கிறது இப்படித்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதல்ல சிலையை மெழுகுல செய்வாங்க. காவிரிப் படுகையோட மெல்லிய வண்டல் மண்ணை மேல பூசுவாங்க, அதுக்கு மேல மேல மண் அடுக்குவாங்க. சூடு காட்டினா மெழுகு வெளிய ஓடிரும், உலோகம் உள்ள போகும். மெழுகு வார்ப்புன்னு பேர். சோழர் காலத்து நடராசர் எல்லாம் இந்த வழியில வந்தவர்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செம்பியன் மாதேவி காலத்துல இந்தக் கலை எந்த உயரத்துல இருந்துச்சுன்னு சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போனா கண்ணால பார்க்கலாம். சிலையோட விரல் நகத்தை மெழுகுல செதுக்கத் தெரிஞ்ச கைக்கு ஒரு கடவாய்ப் பல்லு பெரிய விஷயமே இல்ல.

ஆனா அந்த மெழுகு பல்லுக்கு வந்தது அமெரிக்கா வழியா. சிகாகோவுல டாகர்ட்னு ஒரு பல் டாக்டர், 1907-ல நியூயார்க்ல ஒரு கூட்டத்துல மெழுகு வார்ப்பு முறையில பல்லுக்குத் தங்கம் வார்க்கிறதைக் காட்டினார். அதுவரைக்கும் தங்கத் தகட்டைத் தட்டி வளைச்சு ஒட்டித்தான் கேப் பண்ணினாங்க. அது பல்லோட ஓரத்துல சரியா உக்காராது, இடுக்குல மறுபடியும் சொத்தை வரும். வார்த்த தங்கம் அச்சா உக்காந்துச்சு. டாகர்ட் அதோட நிக்காம காப்புரிமை வாங்கி, பணம் கட்டாம பயன்படுத்தின டாக்டர்கள் மேல வழக்குப் போட்டார். டாக்டர்கள் எல்லாம் சேர்ந்து, இதுக்கு முன்னாடி யாராவது பண்ணியிருக்காங்களான்னு தேடினாங்க. அயோவா மாநிலத்துல ஃபில்புரூக்னு ஒருத்தர் 1897-லயே அங்கத்த பல் டாக்டர்கள் சங்கத்துல இதே முறையைப் பத்திக் கட்டுரை படிச்சிருந்தார். அதனால காப்புரிமை செல்லாமப் போச்சு. பத்து வருஷம் முன்னாடி இருந்த ஒருத்தரைக் காட்டியே கேஸ் முடிஞ்சிருச்சு. ஒரு ஸ்தபதி அந்தக் கோர்ட்டுக்குப் போய் நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எனக்கு ஒரு ஆசை.

ஒரு விஷயத்துல டாகர்ட் வழிக்கு மரியாதை கொடுக்கணும். தங்கம் ஆறும்போது ஒண்ணரை சதவீதம் அளவு சுருங்கும். சிலையில அது தெரியாது. பல்லுல தெரியும். கேப்போட விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவுல ஒரு தலைமுடி கனத்துக்கு மேல இடைவெளி விழ ஆரம்பிச்சா கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. அதனால மெழுகைச் சுத்திப் போடுற அந்த மாவு, சூட்டுல சரியா அதே அளவுக்கு விரியணும். விரிவும் சுருக்கமும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கணும். அந்தக் கணக்கைச் சரி பண்ணத்தான் அடுத்த இருபது முப்பது வருஷ ஆராய்ச்சி போச்சு. இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆக, கலை நம்மகிட்ட இருந்துச்சு. தங்க வேலை தெரிஞ்ச ஆசாரிகள் ஊருக்கு ஊர் இருந்தாங்க. பல்லைப் பார்க்கத்தான் ஆள் இல்ல. எவ்வளவு இல்லைன்னு ஒரு எண் இருக்கு. சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், 1946-ல, போர் கமிட்டி அறிக்கை வந்தது. நாட்டோட சுகாதார நிலைமையை முழுசா அளந்த அறிக்கை. அதுல பிரிட்டிஷ் இந்தியா முழுக்க தகுதி பெற்ற பல் டாக்டர்கள் சுமார் 1,000 பேர்னு இருக்கு. அதாவது 3 லட்சம் பேருக்கு ஒருத்தர். சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டைன்னு சுத்துப்பட்டு ஊர்களை எல்லாம் சேர்த்தாக்கூட ஒரு டாக்டர் கணக்குல வராது. ஆச்சி சின்னப் பொண்ணா இருந்த காலம் அது.

அந்த 1,000 பேரும் எங்க இருந்து வந்தாங்கன்னு பார்த்தா, ரஃபியுதீன் அகமதுன்னு ஒருத்தர் வர்றார். கிழக்கு வங்கத்துக்காரர். அமெரிக்கா போய் 1915-ல அயோவா பல்கலைக்கழகத்துல பல் மருத்துவம் முடிச்சார். அயோவா திரும்ப வரும்னு சொன்னேன்ல! ஊர் திரும்பி 1920-ல கல்கத்தாவுல இந்தியாவோட முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பிச்சார். காசு? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்'னு ஒரு குளிர்பானக் கடை நடத்தி, அந்த வருமானத்துலதான். சர்க்கரைத் தண்ணி வித்துப் பல் கல்லூரி நடத்தினவர் உலகத்துல வேற யாரும் இருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். அவர் பிறந்த நாள் டிசம்பர் 24-ஐத்தான் தேசியப் பல் மருத்துவர் தினமா வச்சிருக்காங்க.

சட்டம் 1948-ல வந்தது. பல் மருத்துவர்கள் சட்டம். அதுவரைக்கும் நாட்டோட பெரும்பாலான இடத்துல யார் வேணும்னாலும் பல் வைத்தியர்னு போர்டு மாட்டலாம். திடீர்னு எல்லாரையும் ஒதுக்கினா பல்லைப் பார்க்க ஆளே இருக்காதுன்னு தெரிஞ்சு, பதிவேட்டை ரெண்டாப் பிரிச்சாங்க. 'ஏ' பகுதியில பட்டம் படிச்சவங்க. 'பி' பகுதியில பட்டம் இல்லாட்டியும் குறைஞ்சது 5 வருஷம் இதையே தொழிலா செஞ்சவங்க. இதை நான் நல்ல முடிவுன்னுதான் சொல்லுவேன். சிஸ்டத்தை மாத்தும்போது பழைய சர்வரை ஒரே ராத்திரியில அணைக்கக் கூடாது.

அந்தக் காலத்துப் பல் வைத்தியர்கள்ல ஒரு கூட்டத்தைத் தனியா சொல்லணும். சீனாவோட ஹூபே மாகாணத்துல இருந்து வந்தவங்க. பல் கட்டுறதைக் குடும்பத் தொழிலா அப்பாகிட்ட இருந்து பிள்ளை கத்துக்கிட்டவங்க. கல்கத்தா, கொழும்பு, சென்னைன்னு துறைமுக ஊர்கள்ல தங்கினாங்க. சென்னையில இன்னைக்கும் அந்த வம்சத்துக்காரங்க கிளினிக் வச்சிருக்காங்க. இப்ப முறையா பல் மருத்துவம் படிச்ச தலைமுறை. நல்லாத் தமிழ் பேசுவாங்க. பிடுங்குறதோட நிக்காம, போன பல்லுக்குப் பதிலா ஒண்ணைச் செஞ்சு கொடுக்கிற வேலையை நம்ம ஊர் ஜனங்களுக்குப் பழக்கினதுல அவங்களுக்கு ஒரு பங்கு இருக்கு.

தமிழ்நாட்டுல பல் மருத்துவப் படிப்பு 1953-லதான் தொடங்குச்சு, சென்னை மருத்துவக் கல்லூரியோட ஒரு பிரிவா. அதுதான் பின்னால தனியா அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆச்சு. அடுத்ததா சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல கல்லூரி வந்தது 1980-ல. நடுவுல 27 வருஷம். அந்த 27 வருஷத்துலதான் எங்க ஆச்சி ஒவ்வொரு பல்லா இழந்தா. அப்புறம் தனியார் கல்லூரிகள் வரிசையா வந்து, இன்னைக்குச் சின்ன ஊர்ல கூட ரெண்டு மூணு பல் கிளினிக். தனியார் கல்லூரிகளைப் பத்தி எனக்கு நல்லதும் கெட்டதுமா நிறைய கருத்து உண்டு. ஆனா அவங்க இல்லாம சுரண்டைக்குப் பல் டாக்டர் வந்திருக்க மாட்டாங்கங்கிறதும் உண்மை.

செராமிக் கேப் கதையை வேகமா சொல்லிடுறேன். டெட்ராய்ட்ல சார்லஸ் லேண்ட் 1903-ல பீங்கான்லயே முழு உறை செஞ்சார். பார்க்க நிஜப் பல்லு மாதிரி, ஆனா சுலபமா உடையும். 1927-ல அட்லாண்டிக் கடலைத் தனியா விமானத்துல கடந்த லிண்ட்பெர்க் இவரோட பேரன். 1962-ல வைன்ஸ்டீன் குழு, உலோகமும் பீங்கானும் சூட்டுல ஒரே அளவு விரியுற மாதிரி கலவையைச் சரி பண்ணி, உள்ள உலோகம், வெளியில பீங்கான்னு ஒட்ட வச்சாங்க. இன்னைக்கும் கிளினிக்ல 'செராமிக்'னு விலை சொல்றது பெரும்பாலும் இதைத்தான். ஈறு ஓரத்துல கொஞ்ச வருஷத்துல ஒரு கறுப்புக் கோடு தெரியும்ல, அது உள்ள இருக்கிற உலோகம்.

நான் எடுத்தது ஜிர்கோனியா. அழகுக்காக இல்ல, அந்தப் பேரைக் கேட்டதுமே எனக்குத் தூத்துக்குடி ரோடு ஞாபகம் வந்தது. சொல்றேன்.

1789-ல பெர்லின்ல கிளாப்ரோத்ங்கிற வேதியியலாளர் இலங்கையில இருந்து போன ஒரு ரத்தினக் கல்லை ஆராய்ஞ்சார். அதுக்குள்ள யாருக்கும் தெரியாத ஒரு தனிமம் இருந்துச்சு. அதுதான் ஜிர்கோனியம். 1892-ல இலங்கையில ரயில்பாதை வேலை பார்த்த ஜோசப் பேடலிங்கிறவர் ரக்வானைப் பக்கத்துல இருந்து அனுப்பின கல்லு, ஜிர்கோனியம் ஆக்ஸைடாவே இருந்தது. அதாவது பூமியில தானா விளைஞ்ச ஜிர்கோனியா. அந்தக் கனிமத்துக்கு அவர் பேரையே வச்சாங்க. இந்தப் பக்கம், நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்ல மோனசைட், இல்மனைட்டோட சேர்ந்து சிர்கான் கிடக்கு. 1909-ல ஜெர்மானியர் ஷோம்பெர்க், திருவிதாங்கூர்ல இருந்து ஏற்றுமதியான கயிறுல ஒட்டியிருந்த மணலை வச்சு அங்க மோனசைட் இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கு மத்திய அரசோட ஐஆர்இஎல் நிறுவனம் அந்த மணலைப் பிரிச்சு எடுக்குது. கடற்கரை ஊர்கள்ல அதுக்கு எதிரா நீண்ட காலமா போராட்டம் நடக்குது. அதைத் தனி எபிசோட்டாப் பேசணும், ரெண்டு வரியில கடந்து போக முடியாது.

தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற வழியில பழையகாயல்னு ஊர். மார்க்கோ போலோ எழுதின காயல் துறைமுகம் இருந்த பகுதி. அங்க 2009-ல அணுசக்தித் துறையோட ஜிர்கோனியம் ஆலை வந்தது. அணு உலை எரிபொருளை வைக்கிற குழாய் ஜிர்கோனியத்துலதான் செய்வாங்க, அது நியூட்ரானைப் பெருசா விழுங்காது. நான் காலேஜ் படிக்கும்போது பஸ்ல திருச்செந்தூர் போறப்போ அந்தப் போர்டைப் பார்த்திருக்கேன். பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அப்ப யார் சொன்னாலும் சிரிச்சிருப்பேன். என் வாயில மணவாளக்குறிச்சி மணல் இருக்குன்னு பெருமை அடிக்க மாட்டேன். பல்லுக்கான ஜிர்கோனியாத் தூள்ல பெரிய பங்கு ஜப்பானோட தோசோ கம்பெனி தயாரிக்கிறது. மண் இருக்கிற இடமும் தூள் ஆகுற இடமும் வேற வேற.

பீங்கான் உடையும், இது ஏன் உடையல? 1975-ல ஆஸ்திரேலியாவுல கார்வியும் அவர் கூட்டாளிகளும் 'பீங்கான் எஃகு?'ன்னு ஒரு கேள்விக்குறியோட கட்டுரை போட்டாங்க. ஜிர்கோனியாவுல விரிசல் ஓட ஆரம்பிச்சா, விரிசல் முனையில இருக்கிற படிகங்கள் வேற வடிவத்துக்கு மாறி கொஞ்சம் பருக்கும். பருத்ததும் விரிசலை ரெண்டு பக்கமும் அமுக்கி மூடிரும். தனக்குத்தானே வண்டிப் பட்டை மாட்டிக்கிற பொருள்.

இவ்வளவு கெட்டியான பொருளை எப்படிப் பல்லா செதுக்குறது? இங்கதான் எங்க ஆளுங்க வர்றாங்க. சூரிச்ல வெர்னர் மோர்மன்ங்கிற பல் டாக்டரும் மார்க்கோ பிராண்டெஸ்டினிங்கிற எலக்ட்ரிக்கல் இன்ஜினியரும் சேர்ந்து, வாய்க்குள்ள கேமராவை வச்சுப் பல்லை அளந்து, கம்ப்யூட்டர்ல வடிவமைச்சு, நாற்காலி பக்கத்துலயே பீங்கான் கட்டியைக் கடையுற மெஷின் செஞ்சாங்க. பேர் செரெக். மென்பொருள் எழுதினவர் அலைன் ஃபெரு. 1985 செப்டம்பர் 19-ல சூரிச் பல்கலைக்கழகத்துல முதல் நோயாளிக்கு அதை வச்சு ஒரு அடைப்பு வச்சாங்க. முழுக் கேப் செய்ய 1994 வரைக்கும் ஆச்சு. எங்க தொழில்ல நான் எழுதுற கோடு எங்க ஓடுதுன்னே எனக்குத் தெரியாது. ஃபெருவோட கோடு ஒருத்தர் வாயில போய் உக்காந்து இட்லி மென்னுச்சு. சரி, சூரிச்ல இட்லி இல்ல, ரொட்டி.

மதுரை லேபுல என் பல்லை டிசைன் பண்ணிட்டிருந்தது இருபத்திரண்டு வயசு இருக்கும் ஒரு தங்கச்சி. ஸ்கிரீன்ல என் கீழ்த்தாடை சுத்திக்கிட்டு இருக்கு. எதிர்ப் பல்லு எங்க இடிக்குதோ அங்க சிவப்பு. அந்தப் பொண்ணு மவுஸால மேட்டை இழுத்துத் தாழ்த்துது, சிவப்பு பச்சையாகுது. "சார், உங்களுக்கு ராத்திரி பல்லு கடிக்கிற பழக்கம் இருக்கா? மேல்பல்லு தேஞ்சிருக்கு"ன்னு கேட்டுச்சு. எங்க வீட்டுல யாரும் கவனிக்காததை ஒரு ஃபைலைப் பார்த்துச் சொல்லிருச்சு.

அடுத்து வந்ததுதான் எனக்கு மறக்காது. ஜிர்கோனியா வட்டு கடையும்போது சுண்ணாம்புக் கட்டி மாதிரி மென்மையாத்தான் இருக்கும். கடைஞ்ச பிறகு 1,500 டிகிரி அளவு சூட்டுல சுடுவாங்க. அப்ப அது ஐந்துல ஒரு பங்கு சுருங்கும். அதனால சாஃப்ட்வேர் என் பல்லை முதல்லயே பெருசாக்கித்தான் கடையச் சொல்லும். ஒவ்வொரு வட்டோட பாக்கெட் மேலயும் அதோட பெருக்கு எண்ணை அச்சடிச்சிருக்காங்க. டாகர்ட் காலத்துல மாவு விரிஞ்சு சரி பண்ணின அதே கணக்கு, இப்ப ஒரு வேரியபிளா உக்காந்திருக்கு. மூலையில மெழுகு உருக்கின அண்ணனும் ஸ்கிரீன்ல உக்காந்த தங்கச்சியும் ஒரே பிரச்சினையைத்தான் தீர்த்துட்டு இருந்தாங்க.

கேப்பை மட்டும் புகழ்ந்துட்டுப் போறது நேர்மை இல்ல. கேப் போடப் பல்லைச் சுத்தி இழைக்கிறாங்க, இழைச்சது திரும்ப வளராது. சின்னச் சொத்தைக்கு அடைச்சாலே போதும்ங்கிற இடத்துல கேப்பைத் தள்ளிவிடுற கிளினிக்கும் உண்டு. கேப்புக்குச் சொத்தை வராது, ஆனா அது முடியுற ஓரத்துல பல்லுக்கு வரும். "கேப்தான் போட்டாச்சே"ன்னு துலக்காம விட்டா மறுபடியும் பிடுங்குறதுலதான் போய் முடியும்.

ரெண்டாவது வாரம் சுரண்டைக்கு வந்து கேப்பை ஒட்டிக்கிட்டேன். கறுப்பு நீலக் காகிதத்தை வச்சுக் கடிக்கச் சொல்லி, டாக்டர் ரெண்டு இடத்துல தேய்ச்சாங்க. அவ்வளவுதான். அம்மா பக்கத்துல நின்னு முழுசாப் பார்த்தாங்க. கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "டாக்டரம்மா, எனக்கும் அந்தப் பக்கம் ஏதாச்சும் போட முடியுமா?"ன்னு கேட்டாங்க.

டாக்டர் பார்த்துட்டு, எப்ப பிடுங்கினீங்கன்னு கேட்டாங்க. "கடைசியா பிடுங்கினதுதான் பெரிய வலி. அப்பவும் வேர் வைத்தியம் பண்ணி கேப் போடலாம்னுதான் சொன்னாவ. இவன் காலேஜ் சேந்த வருஷம். பிடுங்க முந்நூறு ரூவாதான் ஆச்சு"ன்னாங்க அம்மா.

நான் இன்ஜினியரிங் சேர்ந்தது பத்து வருஷம் முன்னாடி. இது எனக்குத் தெரியாது.

பக்கத்துப் பல்லு அந்தக் காலி இடத்துக்குள்ள சாஞ்சு வந்திருக்கு, மேல்பல்லு கீழ இறங்கியிருக்குன்னு டாக்டர் கண்ணாடியில காட்டினாங்க. பிரிட்ஜ் போடணும்னா ரெண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லை இழைக்கணும். இம்ப்ளான்ட் வைக்கணும்னா முதல்ல எலும்பு இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். அம்மா விலை கேட்டாங்க. டாக்டர் சொன்னாங்க. அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் ஸ்கேனுக்குத் தேதி கேட்டேன்.

வர்ற சனிக்கிழமை தென்காசியில ஸ்கேன். அடுத்த எபிசோட் ஒரு வாரம் தள்ளித்தான் வரும்.